வெட்டாமல் கிடைத்த பாலம்

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பச்சை நிறம். ஓரத்தில் சரிகை. போர்த்தியவர் பிரதேச சபைத் தவிசாளர். இடம், பூண்டுலோயாவுக்கு மேலே, பாதி நாள் மூடுபனிக்குள் காணாமல் போய்விடும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

காரணம், ஒரு பாலம். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயங்களுக்கும் பஸ் போகும் பாதைக்கும் நடுவே ஓடும் ஓடையின்மேல் புதிதாகக் கட்டிய நடைபாலம். அதைக் கேட்டு மகஜர் எழுதிக் கொடுத்தவன் நான். அதற்குத்தான் மரியாதை.

ஒரு மணி நேரம் கழித்து, அதே பொன்னாடை ஓடைத் தண்ணீரில் நனைந்து என் கழுத்தில் ஈரத் துணியாகத் தொங்கியது.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். வேறு எதையாவது எழுதி இந்த வாரத்தைக் கடத்திவிடலாம் என்று நான்கு நாட்கள் முயன்றேன். பனியைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். நானு ஓயா ஸ்டேஷனில் பார்த்த ஒரு நாயைப் பற்றி ஒரு பத்தி. எதுவும் ஓடவில்லை. பேனாவுக்கும் வெட்கம் உண்டு போலிருக்கிறது...

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். போன வருடம் ‘நாட்டுக்கும் ஓர் இடுப்புப் பட்டி’ என்று எழுதியிருந்தேன். அரச நிதி முகாமைத்துவச் சட்டம் பற்றியது. அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு அள்ளி இறைக்க முடியாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் இன்ன பங்குக்கு மேல் செலவு போகக் கூடாது என்று சட்டமே கோடு கிழிக்கிறது. (வட்டி கட்டுவதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.) நான் அதைக் கொண்டாடி எழுதினேன்.

ஏன் கொண்டாட மாட்டேன்? கேஸ் வரிசையில் நின்றவன். மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு நின்றவன். பெற்றோல் செட்டுக்கு முன்னால் என் பழைய மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் படுக்கப் போட்டுவிட்டு நானும் படுத்தவன். கட்டுப்பாடு இல்லாத செலவு கடைசியில் யாருடைய அடுப்பை அணைக்கும் என்று அப்போதே தெரிந்துகொண்டவன். ‘ஓடைக்குக் கரை இருப்பதால்தான் அது ஓடை, கரை இல்லாவிட்டால் வெள்ளம்’ என்று அந்தப் பத்தியை முடித்திருந்தேன்.

நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பேராசிரியர் போன் செய்து பாராட்டினார். அந்த ஒரு வாரம் ஹட்டன் கடை வீதியில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

அந்த வாரத்தில்தான் பாக்கியம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

பாக்கியம் அக்கா என் பெரியம்மா மகள். இன்னும் கொழுந்து பறிக்கிறார். அவர் வீட்டுக்காரர் சுந்தரம் அத்தான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆள் கனம். பேச்சு அதைவிடக் கனம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஒழுங்காகக் கிளினிக் போயிருந்தால் ஆறியிருக்கும் என்றார் டாக்டர். ஆனால் மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டது. குறுக்கே போட்டிருந்த இரண்டு டர்பன்டைன் மரங்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. சுற்றிப் போகும் தோட்டப் பாதையில் மண் சரிவு. அடுத்தடுத்து இரண்டு கிளினிக் தவறின. விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போனது.

இரண்டு மழை. ஒரு கால்.

“தம்பி, சபையில பாலத்துக்கு மனுக் குடுக்கச் சொல்றாங்க. அடுத்த வருசத்துத் திட்டத்துல சேத்துக்குவாங்களாம். நீ வந்து எழுதிக் குடுப்பா” என்றார் அக்கா.

போனேன். ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த வெளியில், நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எனக்கு ஒரு கதிரை. அத்தானுக்கு ஒரு கதிரை, சிவப்பு பிளாஸ்டிக். அவரை லயத்திலிருந்து அதில் வைத்தே தூக்கி வந்திருந்தார்கள். மற்ற எல்லோரும் நின்றார்கள்.

“என்ன வேணும்னு சொல்லுங்க” என்றேன்.

முதலில் வாயைத் திறந்தது முருகேசு. ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவை ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, கல் தாண்டி வீட்டுக்கு வருகிறவர்.

“ஆட்டோ போற மாதிரி பாலமா கேளுங்க சேர். வண்டி அந்தாண்ட, நான் இந்தாண்ட. பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டு வண்டியவே நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“அதான் அவ கோயில்ல வேண்டிக்கிறா, வண்டிய வெள்ளம் கொண்டுட்டுப் போகணும்னு” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். களமே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. “எனக்கு ஒன்னே ஒன்னுதான் தம்பி. ஆட்டோ வாசலுக்கு வரணும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் நாலு பேரக் கெஞ்ச வேண்டியிருக்கு. அவங்களும் பேரு போட்டுட்டு மலைக்குப் போகணும்ல. எத்தன தடவதான் கேக்குறது...”

பிறகு நான் பேசினேன்.

வாசகர்களே, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடத்தான் நான்கு நாட்களாக வழி தேடினேன்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது என்றேன். அரசாங்கம் இனிமேல் நினைத்தபடி செலவழிக்க முடியாது என்றேன். மேலே இறுக்கினால் கீழேயும் இறுகும் என்றேன். ஆட்டோ போகிற பாலம் கேட்டால் பெரிய செலவு, தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். சின்னதாக, நியாயமாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்றேன். “வீட்டுல சம்பளத்துக்கு மேல செலவு பண்ணுவோமா? அது மாதிரித்தான் நாடும்” என்றேன்.

யாரிடம் சொன்னேன்? சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடிக்கிறவர்களிடம். ஒரு நெத்தலிப் பொட்டலத்தை நாலு கறிக்குப் பிரிக்கிறவர்களிடம். அவர்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன் நான்.

அத்தான் மட்டும் கதிரையில் அசைந்தார்.

“மாப்ள, இல்லன்னு சொல்றதுக்கு ஆப்பீஸ்ல ஆளு வச்சுச் சம்பளம் குடுக்குறாங்க. அந்த வேலைய நீ ஏன் சும்மா பாக்குற?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு, “நடக்கிறதக் கேப்போம் அத்தான்” என்றேன்.

“சரிப்பா. படிச்சவன் சொல்ற.”

“அப்ப ஆட்டோ?” என்றார் முருகேசு.

“அடுத்த தடவ பாப்போம்.”

அவ்வளவுதான். ஒத்துக்கொண்டார்கள். எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார்கள் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். யாரும் வாதாடவில்லை. ஒரு பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் பழக்கத்தை நான் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன்.

மகஜரை வீட்டுக்கு வந்து எழுதினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. ‘குறைந்தபட்சம் ஒரு நடைபாலத்தையேனும் அமைத்துத் தருமாறு’ என்று கேட்டேன். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொக்குகள் போல ஓடையைக் கடப்பதை எழுதினேன். அழகாக வந்தது.

அத்தானின் காலை எழுதவில்லை. அது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், பொதுக் கோரிக்கையில் பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்தக் காலை எழுதினால் நடைபாலம் போதாது. ஆட்டோ வேண்டும் என்று தானாகவே வரும். என் நியாயமான, சின்ன, அழகான மகஜர் கெட்டுப்போகும்.

ஆக, காலை மறுபடியும் வெட்டினேன். இந்த முறை பேனாவால்.

பாலம் வந்தது. சொன்னபடி, கேட்டபடி, அடுத்த வருடமே. யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பாலத்தின் இரண்டு முனையிலும் வாழை கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி. தட்டு நிறைய வடை. தேங்காய் உடைந்தது, ரிப்பன் வெட்டப்பட்டது, பிள்ளைகள் தடதடவென்று ஓடிக் கடந்தார்கள். தவிசாளர் பேசினார். தோட்டத் தலைவர் பேசினார். என்னைப் பேசச் சொன்னார்கள். ‘இது சிமெண்டால் மட்டும் கட்டியதல்ல’ என்று ஆரம்பித்தேன். மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

அப்போதுதான் மேல் லயப் பக்கமிருந்து அந்தச் சிவப்புக் கதிரை வந்தது.

செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். திறப்பு விழா அதே நாளில் வந்தது தவிசாளரின் வசதிக்காக. முருகேசுவும் இன்னும் மூன்று பேரும் கதிரையின் நாலு காலையும் பிடித்திருந்தார்கள். கதிரையில் அத்தான், வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய், மடியில் கிளினிக் கொப்பி. பக்கத்தில் குடையோடு அக்கா. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கைதட்டினார்கள். புதுப் பாலத்தில் முதல் நோயாளி... போட்டோ எடுக்க ஒருவர் போனைத் தூக்கினார்.

பாலம் வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஆறு ஆறு படிகள். படிகளுக்கும் பாலத்துக்கும் ஓரத்தில் இரும்புக் கம்பி. இரண்டு கம்பிக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாகப் போகலாம். எதிரே வருகிறவர் கொஞ்சம் ஒதுங்கினால் இரண்டு ஆள்.

கதிரையோடு சேர்த்து இரண்டு ஆள் பக்கம் பக்கமாகப் போக முடியாது.

முதல் படியிலேயே கதிரையின் கைப்பிடியும் முருகேசுவின் இடுப்பும் கம்பியில் இறுகின. பின்வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கினார்கள். இரண்டு பேருக்குத் தாங்கும் உடம்பா அத்தானுடையது? மூன்றாம் படியில் பின்னால் இருந்தவரின் கால் மடங்கியது. கதிரை சரிந்தது. அக்கா “ஐயோ” என்று குடையைப் போட்டுவிட்டுத் தாங்கினார்.

“எறக்குங்கடா. தொறந்த அன்னிக்கே பலி கேக்குது போல” என்றார் அத்தான்.

இறக்கினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, என் முதுகுல ஏறிக்கங்க” என்றார் முருகேசு.

“நான் என்ன கொழுந்துச் சாக்கா? நீ முன்னால விழுந்தா நான் உனக்கு மேல விழுவேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே காலுதான் மிஞ்சும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முருகேசு சாரத்தை மடித்துக் கட்டினார். மற்ற இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். பாலத்துக்குப் பக்கத்தில், வழக்கமாக இறங்கும் அதே சரிவில், வழக்கமான அதே கல்லில் கால் வைத்தார்கள். கால்களுக்கு அந்த வழி மனப்பாடம்.

கால் மடங்கியவர் ஓரமாக உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதிரையின் நாலாவது காலுக்கு ஆள் இல்லை.

நான் போனேன். சப்பாத்தைக் கழற்ற நினைவில்லை. பொன்னாடையைக் கழற்றவும் நினைவில்லை.

தண்ணீர் முழங்கால் அளவு. நடுவில் கொஞ்சம் ஆழம். அந்தக் குளிர் எலும்புக்குள் போய் உட்காரும். கதிரை கனத்தது. ஒரு மனிதனின் கனம் என்ன என்பது கவிதையில் தெரிவதில்லை, வாசகர்களே. கையில் தெரிகிறது. பாலத்துக்குப் பக்கத்தில், அதன் நிழலிலேயே நாங்கள் ஓடையைக் கடந்தோம். நிமிர்ந்து பார்த்தேன். புதுச் சிமெண்டின் அடிப்பாகம், பலகை அடித்த தடம் இன்னும் மாறாமல். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மகஜரில் எழுதிய அதே கொக்குகள். நனையாத சப்பாத்துகள்.

“மாப்ள, பொன்னாட நனையுது” என்றார் அத்தான், என் தலைக்கு மேலிருந்து.

“பரவால்ல அத்தான்.”

“பச்ச நெறம். சாயம் போகாட்டிச் சரி.”

அக்கரையில் ஆட்டோவில் ஏற்றினோம். அக்கா என் ஈரக் கையைப் பிடித்தார். “நீ என்னப்பா செய்வ. நீ எழுதுனத வாசிச்சப்ப நான் அழுதுட்டேன், அவ்வளவு நல்லா இருந்துச்சு” என்றார்.

இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

ஆட்டோ போனபின் நான் திரும்பி வந்தேன். இந்த முறை பாலத்தின் மேலால். ஆறு படி ஏறி, ஆறு படி இறங்கி. சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் போட்டது. இக்கரையில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நின்றிருந்தார். சிங்களப் பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். கதிரையைப் பார்த்ததிலிருந்து அவர் முகமும் சரியில்லை.

“இதை அகலப்படுத்த முடியாதா மிஸ்?” சிங்களத்தில் கேட்டேன்.

“முடியாது. தூணும் பீமும் ஆள் நடக்கிறதுக்கான அளவில்தான் போட்டிருக்கிறோம். ஆட்டோவைத் தாங்காது.” பிறகு கொஞ்சம் தயங்கி, “மகஜரில் நோயாளி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லையே. நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றித்தான் இருந்தது” என்றார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டதே, அதனால்தான் சின்னதாகக் கேட்டோம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே ஒரு மாதிரி கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். கேலியாக இல்லை. அதிசயமாக.

“அது நாட்டு மொத்தச் செலவுக்குப் போட்ட சட்டம். உங்கள் ஓடையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு இருக்கிற காசுக்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்று பார்க்கத்தானே நாங்கள் இருக்கிறோம்? கீழ் ஊர்க்காரர்கள் லொறி போகிற பாலம் கேட்டார்கள். லொறிப் பாலத்துக்கு முடியவில்லை. வெட்டி, ஆட்டோ போகிற பாலம் கொடுத்தோம். எல்லாருடைய கோரிக்கையிலும் கொஞ்சம் வெட்டினோம்.” கையிலிருந்த பைலைத் தட்டினார். “வெட்டாமல் முழுதாகக் கொடுத்தது உங்களுடையது ஒன்றுதான். இப்படித்தான் கேட்க வேண்டும் என்று உங்கள் மகஜரை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன்.”

மனதாரப் பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

“ஆட்டோப் பாலம் கேட்டிருந்தால்?”

“பார்த்திருப்போம். கொடுத்திருப்போம் என்று சொல்ல மாட்டேன்... பார்த்திருப்போம்.” பிறகு பைலை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார். “இப்போது கஷ்டம். இந்த இடத்துக்குப் பாலம் கட்டியாயிற்று என்றுதான் பதிவு இருக்கும்.”

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்து யோசித்தேன்.

உச்சவரம்புச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் அது வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கேஸ் வரிசை மறக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் மொத்தத்தில் எவ்வளவு என்றுதான் சொல்கிறது. யாருக்குக் குறைப்பது என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆளாக நான் போய் நின்றேன், கூப்பிடாமலே. குறைக்க ஆள் தேடி வெகுதூரம் போகவும் இல்லை. சொந்த அக்காவின் வாசலில் ஆரம்பித்தேன்.

இன்னொன்று. அந்தச் சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். எதிர்பாராத பெரும் அழிவு வந்தால் பாராளுமன்றத்தில் காரணம் சொல்லி வரம்பை மீறலாம். நான் போட்ட வரம்பில் அதுகூட இல்லை. ஒரு கால் போனதைக்கூட அது அழிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எங்களுக்குச் செலவு வரம்பு ஒன்றும் புதிதல்ல. பிரதேச சபைச் சட்டத்தில் முன்பு ஒரு பிரிவு இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி அது தடுத்தது. உச்சவரம்பு என்றால் இதுதான் உச்சவரம்பு. பூச்சியம். சபையின் தார்ப் பாதை தோட்ட எல்லை வரை வந்து, கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் கல்லும் குழியும்.

சுந்தரம் அத்தான் இரண்டு காலோடு இருந்த காலத்தில், லயத்துக்குக் கழிவுநீர் ஓட ஒரு கான் வெட்டித்தரச் சொல்லிச் சபைக்கு நடையாக நடந்தவர். ஒவ்வொரு முறையும் சட்டப் புத்தகத்தைக் காட்டி அனுப்பினார்கள். அடுத்த மாதம் மறுபடி போவார். “இன்னும் அந்தப் பக்கம் கிழியலையா சேர்?” என்று கேட்பாராம்.

சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தோட்டத்துக்கும் செலவு செய்யலாம் என்று வந்தது. அதை வரவேற்று இந்தப் பத்தியில் நான் எழுதியும் இருக்கிறேன், பட்டாசு வெடிக்காத குறையாக.

கிடைக்காது என்று தெரிந்தும் கேட்டவர் அவர். கிடைக்கும் என்று வந்த பிறகும் கேட்காதவன் நான். தாளில் இருந்த பிரிவைத் திருத்திவிட்டார்கள். எனக்குள் இருப்பதற்கு எந்தச் சபையில் திருத்தம் கொண்டுவருவது?

மாலையில் அக்கா போன் செய்தார்.

“அந்தக் காலுல ஒரு புண்ணு ஆரம்பிச்சிருக்காம் தம்பி. குதிகால்ல. இனிமே வாராவாரம் வரணுமாம். ஒன்னுகூடத் தவறக்கூடாதுன்னாரு டாக்டரு.”

அந்தக் கால். இருக்கிற ஒன்று.

மழை நாளில் யாராவது முதுகில் சுமந்து, வழுக்கும் ஆறு படி ஏறி, ஆறு படி இறங்கி அவரைக் கொண்டுபோகத்தான் போகிறார்கள். பாலம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் நனைவதில்லை, அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் படியில், அந்த மழையில், வாராவாரம்... யாருடைய முதுகு?

“அக்கா, நான் திரும்ப எழுதுறேன்” என்றேன். “ஆனா மிஸ் சொன்னாங்க, பாலம் கட்டியாச்சுன்னு பதிவு இருக்காம். கஷ்டம்னாங்க.”

“அவங்க சொல்லுவாங்கப்பா. நீ எழுது.”

“ஆட்டோ போற அளவுக்குன்னு எழுதட்டுமா?”

போனுக்குள் ஏதோ பேச்சு நடந்தது. பின்னால் அத்தானின் குரல். அக்கா திரும்பி வந்தார்.

“லொறின்னு எழுதச் சொல்றாரு.”

“லொறி எதுக்குக்கா? மேல் லயத்துல யாருகிட்ட லொறி இருக்கு?”

போன் கைமாறியது.

“மாப்ள” என்றார் அத்தான், “வெட்டுறதுக்கு அவங்களுக்கும் ஏதாச்சும் வேணும்ல.”

எழுதிவிட்டேன். லொறி போகும் அகலத்தில், இரண்டு பக்கமும் நடைபாதையோடு. முதல் வரியிலேயே அத்தானின் கால். கொக்கு இல்லை, சீருடை இல்லை. எழுதும்போது ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் என் கையிலிருந்து தானாகவே வந்து விழுந்தது. அடித்தேன். அடுத்த பத்தியில் மறுபடியும் வந்து நின்றது. மறுபடியும் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். கதிரையின் நாலாவது காலுக்கு இனிமேல் ஆள் தேட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.